பாடம் ஒன்று, ஏலம் மூன்று தரம்

எம்பிஏ படிக்க அமெரிக்கா கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது ஜிமேட் மதிப்பெண். அடுத்தது கட்டணம். அதற்கடுத்தது, முடித்து வெளியே வந்தால் என்ன சம்பளம். போய்ச் சேர்ந்தபின் இரண்டாம் வருஷப் பாடங்களுக்கு எப்படிப் பெயர் பதிவு செய்வது என்று யாரும் கேட்பதில்லை. அது ஏதோ ஆபீஸில் இருக்கும் கிளார்க் பார்த்துக்கொள்கிற வேலை, ஒரு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தால் முடிந்தது என்று ஒரு நினைப்பு. உண்மையில் பெரிய பெரிய பொருளாதாரப் பேராசிரியர்கள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்ட விவகாரம் இது. கணித நிரூபணங்கள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். பாடப் பதிவுக்கா? ஆமாம், பாடப் பதிவுக்குத்தான்!

விஷயம் என்னவென்றால், அங்கே இரண்டு வருஷ எம்பிஏவில் முதல் வருஷம் பெரும்பாலும் கட்டாயப் பாடங்கள். இரண்டாம் வருஷம் பெரும்பாலும் எலக்டிவ், அதாவது அவரவர் விருப்பப் பாடம். நல்ல பேராசிரியர் எடுக்கும் வகுப்பில் எழுபது நாற்காலி இருக்கும், இருநூறு பேர் அதைக் கேட்பார்கள். கடையாக இருந்தால் விலையை ஏற்றிவிடலாம். ஆனால் எல்லோரும் ஒரே கட்டணம் கட்டித்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். 'இந்தப் பாடத்துக்கு மட்டும் இன்னும் ஆயிரம் டாலர் கொடு' என்று கல்லூரி கேட்க முடியாது. பி.காம் முதல் வருஷ எகனாமிக்ஸ் புத்தகத்தில் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளுமே, அந்த வெட்டுப்புள்ளிக்குப் போக இங்கே வழியே கிடையாது. அப்படியானால் அந்த எழுபது பேர் யார் என்று எப்படித் தீர்மானிப்பது?

முந்தி வருபவருக்கு முதலிடம் என்பது ஒரு வழி. இரவு பன்னிரண்டு மணிக்கு இணையதளம் திறக்கும், யார் விரல் வேகமோ அவருக்கு இடம். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இதைப் பற்றி மேலே ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வழி, வரிசை எண் போட்டுக் கூப்பிடுவது. தமிழ்நாட்டில் எஞ்சினியரிங் கவுன்சலிங் பார்த்தவர்களுக்கு இது அத்துப்படி. ரேங்க் வரிசையில் ஆளைக் கூப்பிடுவார்கள், அப்போது மிச்சம் இருக்கிற சீட்டில் பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாம். (2018 முதல் இது இணையவழியில் நடக்கிறது.) இதில் ஓர் அருமையான குணம் உண்டு. பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. முறை வரும்போது இருப்பதில் எது பிடிக்குமோ அதைச் சொல்வதுதான் லாபம். ஆளுக்கு ஒரே ஒரு சீட் என்கிற வரையில் இது நன்றாகவே வேலை செய்யும்.

எம்பிஏ மாணவருக்கோ ஒரு பாடம் போதாது. ஹார்வர்டில் இரண்டாம் வருஷத்துக்குப் பருவத்துக்கு ஐந்து என்று பத்துப் பாடம் வேண்டும். குலுக்கலில் முதலில் வந்தவர் பத்தையும் ஒரேயடியாக அள்ளிக்கொண்டு போனால் கடைசியில் நிற்பவருக்குக் கழித்துப்போட்டதுதான் மிஞ்சும். அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. முதலில் வந்தவர் தன் பத்தாவது விருப்பமாக, 'இதுவும் இருக்கட்டுமே' என்று ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். அதே நாற்காலி பின்னால் நிற்கும் ஒருவருக்கு உயிர் போகிற முதல் விருப்பமாக இருக்கும். எடுத்தவருக்கு லாபம் பைசா அளவு, இழந்தவருக்கு நஷ்டம் ரூபாய் அளவு.

அதனால் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1990களின் நடுவில் ஒரு திருத்தம் செய்தது. எல்லா மாணவர்களும் தங்கள் பாடங்களை விருப்ப வரிசைப்படி எழுதிக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டு ஆட்களை வரிசைப்படுத்தும். முதல் சுற்றில் ஒன்றாவது ஆளிலிருந்து கடைசி ஆள் வரை ஆளுக்கு ஒரு பாடம். இரண்டாம் சுற்றில் கடைசி ஆளிலிருந்து திரும்பி முதல் ஆள் வரை. இப்படி முன்னும் பின்னுமாகப் பத்துச் சுற்று. தெருவில் கிரிக்கெட் ஆட இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் பிரிப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். பார்க்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

இங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது. ஒரு மாணவிக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னப் பாடம். அதை வேறு யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, எட்டாவது சுற்று வரை இடம் காலியாகக் கிடக்கும். அவளுடைய இரண்டாவது விருப்பம், எல்லோரும் அடித்துக்கொள்ளும் ஒரு பாடம். முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடும். மனதில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தால் முதல் சுற்றில் சின்னப் பாடம் கிடைக்கும், இரண்டாம் சுற்று வருவதற்குள் மற்றது போய்விடும். மாற்றி எழுதினால் இரண்டுமே கிடைத்திருக்கக் கூடும். அதாவது, உண்மை சொன்னதற்கு ஒரு பாடம் அபராதம்.

மாணவர்கள் என்ன முட்டாள்களா? போன வருஷம் எந்தப் பாடம் எத்தனையாவது சுற்றில் நிரம்பியது என்று சீனியர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கேற்ப வரிசையை மாற்றி எழுதுவார்கள். எரிக் புடிஷ், எஸ்டெல் காண்டியோன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதையே ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாணவர்கள் மனதில் இருந்த வரிசையையும் எழுதிக் கொடுத்த வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆள் ஆளுக்கு மாற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. இப்படி எல்லோரும் பொய் சொல்வதால் மொத்தத்தில் நஷ்டம் என்பதும் தெரிந்தது. பாடம் காலியாகிவிடுமோ என்ற பயத்தில் கூட்டமுள்ள பாடத்தை மேலே மேலே எழுத, அது இன்னும் சீக்கிரம் காலியாகிறது. பெட்ரோல் தட்டுப்பாடு என்று ஒருவர் சொன்னதும் ஊரே பங்கில் போய் நிற்கும் கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை. 'சரி, பொய்க்கு இடமே இல்லாத அந்தக் கவுன்சலிங் முறைக்கே போய்விடலாமே' என்று தோன்றும். அதையும் அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பொய் கலந்த ஹார்வர்டு முறையே, குலுக்கல் வரப்போகும் ஒரு சராசரி மாணவருக்கு அதைவிட மேல் என்று வந்தது! காரணம் மேலே சொன்னதுதான். ஒருவர் பத்தையும் அள்ளும் முறை பின்னால் நிற்பவர்களைப் பற்றிக் கவலையே படாது. நேர்மையாக நடந்துகொள்ளச் சொல்லும் விதி என்பதாலேயே அது நல்ல விதி ஆகிவிடாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறு கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது ஏலம். அமெரிக்காவில் பல பிசினஸ் ஸ்கூல்கள் கையில் எடுத்தது இதைத்தான். ஹைதராபாத் ஐஎஸ்பி மாணவர்களுக்கும் பிட்டிங் என்ற வார்த்தை புதிதில்லை. ஆளுக்கு இத்தனை புள்ளி என்று கொடுத்துவிடுவார்கள். அதைப் பிரித்துப் பிரித்துப் பாடங்களின் மேல் போட வேண்டும். ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே அளவு பணம் என்று வைத்திருக்கிறார்களே, அந்த யோசனைதான். நூறு பேர் கேட்கும் வகுப்பில் ஐம்பது இடம் என்றால், அதிகம் போட்ட ஐம்பது பேர் உள்ளே. ஐம்பதாவது ஆள் போட்டதுதான் அந்தப் பாடத்தின் விலை.

வணிகம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் சந்தையை வைத்தே பங்கீடு செய்வது பொருத்தம்தானே என்று தோன்றும். பல டீன்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் இந்தப் புள்ளி பணம் இல்லை. பணம் என்றால் மிச்சம் பிடிக்கலாம், வங்கியில் போடலாம், ஒன்றும் இல்லையென்றால் ஒரு டீ குடிக்கலாம். பட்டம் வாங்கும் நாளன்று மீந்துபோன புள்ளிக்கு மதிப்பு சுத்தமாகப் பூஜ்யம். பாடம் கிடைக்காவிட்டால் புள்ளியாவது மிச்சம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது. கணக்குப் பதிவியல் தெரிந்தவர்கள் இதைச் சொத்துப் பக்கம் எழுதவே யோசிப்பார்கள்.

அதோடு, ஏலத்தில் எவ்வளவு போடுவது என்பது அந்தப் பாடம் எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பொறுத்தது மட்டும் இல்லை. மற்றவர்கள் எவ்வளவு போடுவார்கள் என்ற ஊகத்தையும் பொறுத்தது. தைஃபுன் சோன்மெஸ், உட்கு உன்வர் என்ற இருவர் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து 2010இல் எழுதினார்கள். அதை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு மாணவியிடம் 1000 புள்ளி. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு பாடங்கள், இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும். அவளுக்குப் பிடித்தது முதல் பாடம், கூட்டம் அதிகமாக இருக்காது. இரண்டாவது கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் செம கூட்டம். முதலாவது கிடைக்காவிட்டால் கைவசம் ஒன்று இருக்கட்டும் என்று இரண்டிலும் போடுகிறாள். கூட்டம் அதிகமுள்ளதற்கு 600, மற்றதற்கு 400. முடிவில் கூட்டப் பாடத்தின் விலை 550, பிடித்த பாடத்தின் விலை வெறும் 100. இரண்டுக்குமே அவள் போட்டது தாராளம்.

கம்ப்யூட்டர் பெரிய தொகையிலிருந்து ஆரம்பிக்கிறது. 600ஐப் பார்க்கிறது, கூட்டப் பாடத்தைக் கொடுத்துவிடுகிறது. பிறகு 400க்கு வருகிறது. அந்த நேரத்தில் ஏற்கெனவே வகுப்பு இருக்கிறதே, தள்ளுபடி! அவளுக்குப் பிடித்த பாடம் 100 புள்ளிக்குச் சும்மா கிடந்தும் கிடைக்கவில்லை. அதிகப் புள்ளி போட்டதுதான் அதிகம் பிடித்தது என்று இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஒரே எண்ணை வைத்து 'எது பிடிக்கும்' என்பதையும் 'எவ்வளவு கொடுப்பாய்' என்பதையும் சேர்த்துக் கேட்டால் இப்படித்தான் ஆகும். விருப்ப வரிசையைத் தனியாக வாங்குங்கள், புள்ளியைத் தனியாக வாங்குங்கள், 1962இல் கேலும் ஷாப்லியும் சொன்ன முறைப்படி சேர்த்து வையுங்கள் என்பது அந்த இருவர் சொன்ன வைத்தியம். (ஷாப்லிக்கு 2012இல் ஆல்வின் ராத்தோடு சேர்த்து நோபல் கிடைத்தது.) மிச்சிகன் பல்கலையில் அராதனா கிருஷ்ணாவும் உன்வரும் இதைச் சோதித்துப் பார்த்து, பழைய ஏலத்தைவிடச் சிறப்பு என்று 2008இலேயே கட்டுரை வெளியிட்டார்கள். அதிகச் செலவில்லாத திருத்தம். கேட்க வேண்டியது ஒரு கேள்வி கூடுதலாக, அவ்வளவுதான்.

இதையெல்லாம் தாண்டிப் போனது பென்சில்வேனியா பல்கலையின் வார்ட்டன். அங்கேயும் பல வருஷம் ஏலம்தான். 2013இல் அதைக் கழற்றிவிட்டு கோர்ஸ் மேட்ச் என்ற புது முறையைக் கொண்டுவந்தார்கள். மூளை, மேலே வந்த அதே எரிக் புடிஷ். அவருடைய 2011 கட்டுரைதான் அடிப்படை. யோசனை ரொம்ப எளிது. எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு போலிப் பணம். மாணவர்கள் ஏலம் கேட்க வேண்டாம், எந்தப் பாடம் எவ்வளவு பிடிக்கும் என்று 100க்கு மார்க் போட்டால் போதும். விலை எவ்வளவு என்று கம்ப்யூட்டர் தேடும், அந்த விலையில் அவரவர் பணத்துக்குள் வாங்கக்கூடிய மிகச் சிறந்த டைம்டேபிளை அதுவே வாங்கிக் கொடுக்கும். ஊகம், உளவு, சீனியர் யோசனை எதுவும் வேண்டாம்.

'கிட்டத்தட்ட ஒரே அளவு' என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சரியாக ஒரே அளவு கொடுத்தால் கணக்கு நிற்காது. ஒரே நாற்காலி, அதைக் கேட்டு இரண்டு பேர், இருவரிடமும் சரியாக 1000. விலை 1000 அல்லது அதற்குக் கீழே என்றால் இருவராலும் வாங்க முடியும். 1001 என்றால் ஒருவராலும் முடியாது. எந்த விலை வைத்தாலும் ஒருவருக்கு மட்டும் விற்க வழியில்லை. ஒருவரிடம் 1001 இருந்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது, விலை 1001. வாங்கியவர் கையில் காசு காலி. மற்றவர் கையில் 1000 அப்படியே இருக்கிறது, அடுத்து வரும் நல்ல பாடங்களை அவர் பார்த்துக்கொள்ளலாம். குலுக்கலில் முதல் ஆள் பத்தையும் அள்ளிய கதை இங்கே நடக்காது. ஒருவர் மற்றவரின் டைம்டேபிளைப் பார்த்துப் பொறாமைப்பட்டாலும், அதிலிருந்து ஏதாவது ஒரு பாடத்தை எடுத்துவிட்டால் பொறாமை தீர்ந்துவிடும் என்கிற அளவுக்குள்தான் இருக்கும் என்று புடிஷ் நிரூபித்திருக்கிறார். பொறாமைக்கு அளவுகோல் வைத்த முதல் பதிவு ஆபீஸ் இதுவாகத்தான் இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. முதல் குறை, மாணவர் தன் மனதை இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து பாடங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 53,130 வழிகள் இருக்கின்றன. அத்தனையையும் வரிசைப்படுத்த எந்த மனிதராலும் முடியாது. அதனால்தான் பாடத்துக்குப் பாடம் மார்க், 'இந்த இரண்டும் சேர்ந்து கிடைத்தால் கூடுதலாக இவ்வளவு' என்று ஒரு திருத்தம், இத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். புடிஷும் ஜட் கெஸ்லரும் வார்ட்டன் மாணவர்களையே உட்கார வைத்துச் சோதனை நடத்தியதில், மனதில் இருப்பதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் மாணவர்கள் தடுமாறியதும் தெரிந்தது, அப்படித் தடுமாறியும் பழைய ஏலத்தைவிட இந்த முறையில் நியாயம் அதிகம் என்பதும் தெரிந்தது. அந்தச் சோதனைக்குப் பிறகுதான் வார்ட்டன் மாறியது.

இரண்டாவது குறை கொஞ்சம் கனமானது. ஏலத்தில் தோற்றவருக்கு 'பத்துப் புள்ளியில் போச்சு' என்று காரணம் தெரியும், திட்டுவதற்கு ஒரு ஆளும் கிடைக்கும். இங்கே ஒரு பெரிய கணக்கு ஓடி முடிந்து 'உனக்கு இது' என்று வருகிறது. நம்பித்தான் ஆக வேண்டும். ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், புரியாத நியாயமான முறையே புரிகிற அநியாயமான முறையைவிட மேல். புரிய வைக்கலாம், அதற்கு ஒரு மணி நேர விளக்க வகுப்பு போதும். அநியாயத்தை எத்தனை வகுப்பு எடுத்தும் நியாயமாக்க முடியாது.

இதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி, மதிப்பெண்ணை வெளியே சொல்வதா வேண்டாமா என்பது. 1994இல் வார்ட்டன் மாணவர்கள் ஓட்டுப் போட்டு, வேலை கொடுக்க வருகிற கம்பெனிகளிடம் கிரேடைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஹார்வர்டில் 1998இல் கல்லூரியே அப்படி ஒரு விதி போட்டது, 2005இல் அதை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. படிக்காமல் ஊர் சுற்றுவார்கள் என்று இதை எதிர்ப்பவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கிரேடு வெளியே தெரியும் என்றால் கஷ்டமான பாடத்தின் பக்கம் யார் போவார்? எளிதாக ஏ கிடைக்கும் பாடத்தில் கூட்டம் முட்டும், ஏலத்தில் அதன் விலைதான் ஏறும். கிரேடு விதியை ஒரு கமிட்டியும் பதிவு விதியை வேறொரு கமிட்டியும் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கத்தான் செய்யும்.

'பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற இடம், ஒரு பாடம் போனால் என்ன, குடியா மூழ்கிவிடும்' என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிப் போன சென்னைப் பெண்ணையும் கோவைப் பையனையும் நினைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் படித்து முடித்த வெளிநாட்டு மாணவருக்கு அங்கே பயிற்சி வேலை பார்க்க சாதாரணமாக 12 மாதம் அனுமதி. அறிவியல், தொழில்நுட்பம் சார்ந்த படிப்பு என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் 2016இல் வந்த விதிப்படி இன்னும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. சில பிசினஸ் ஸ்கூல்களில் முழு எம்பிஏவும் இந்த வகையில் வரும். சிலவற்றில் குறிப்பிட்ட ஒரு மேஜர் எடுத்தால்தான் வரும், அந்த மேஜருக்கென்று குறிப்பிட்ட எலக்டிவ்களை முடித்தாக வேண்டும். அந்த எலக்டிவில் ஒன்று கைநழுவினால்? ஏலத்தில் ஐம்பது புள்ளி தப்பாக ஊகித்ததன் விலை இரண்டு வருஷச் சம்பளமாகவும், கடன் அடைபடாத இரண்டு வருஷமாகவும் போய் முடியலாம். உள்ளூர் மாணவருக்கு அதே பாடம் ஒரு ஆர்வம் மட்டுமே. இருவருக்கும் ஒரே அளவு புள்ளியைக் கொடுத்துவிட்டுச் சமத்துவம் என்று சொல்வது எப்படி? இப்படிப்பட்ட கட்டாயப் பாடங்களுக்கு அந்த மேஜர் மாணவர்களுக்கென்று சில நாற்காலிகளை ஏலத்துக்கு முன்பே ஒதுக்கி வைப்பதுதான் முறை. அதைச் செய்தபின் மிச்சத்துக்கு எந்த ஏலத்தை வேண்டுமானாலும் நடத்தட்டும்.

அனுமதிக் கடிதம் இரண்டு கையில் வைத்துக்கொண்டு எங்கே சேர்வது என்று முழிக்கிறவர்கள், முன்னாள் மாணவர்களிடம் சம்பளத்தைக் கேட்கும்போதே இதையும் கேட்டு வைக்கலாம். பதிவு முறை ஏலமா, சுற்றா, மார்க் போடுவதா? போன வருஷம் எந்தப் பாடம் என்ன விலைக்குப் போனது என்ற பட்டியலைக் கல்லூரியே வெளியிடுகிறதா, இல்லை சீனியர்களைக் கெஞ்சி வாங்க வேண்டுமா? மேஜருக்கு வேண்டிய பாடம் கிடைக்காவிட்டால் அடுத்த பருவத்தில் மறுபடி வருமா? சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குக் கேட்ட பாடங்களில் பாதியாவது கிடைத்தது? கடைசிக் கேள்விக்கு மட்டும் அட்மிஷன் ஆபீஸுக்கே ஒரு மின்னஞ்சல் போடுவது நல்லது. பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.